எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்: கம்ப்யூட்டர் வாங்கும் முன் வரைய வேண்டிய படம்

வீடு மாறியதும் முகவரியை மாற்றுவதற்காக ஓர் அலுவலகத்திற்குச் செல்கிறீர்கள். முதல் கவுண்டரில் படிவத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் பதிவு செய்து, ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே அலுவலகத்திலிருந்து பழைய முகவரிக்கே ஒரு கடிதம் போகிறது. போய்க் கேட்டால், "அது வேற செக்‌ஷன் சார், அவங்க சிஸ்டத்துல தனியா மாத்தணும்" என்கிறார்கள். இரண்டு செக்‌ஷனிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. இருந்தும் ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்டவுடன் சர்வர் சரியில்லை, சாப்ட்வேர் பழசு என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பல இடங்களில் சர்வர் நன்றாகவே இருக்கும். சாப்ட்வேரும் தனக்குச் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். அந்த நிறுவனம் முழுவதையும் ஒரே படமாக யாரும் வரைந்து பார்க்கவில்லை என்பதுதான் குறை. யார் என்ன வேலை செய்கிறார்கள், அதற்கு எந்தத் தகவல் தேவை, அது எந்த சாப்ட்வேரில் இருக்கிறது, அந்த சாப்ட்வேர் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்பதையெல்லாம் சேர்த்து வரைந்து, அதன்படி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வேலைகளைத் திட்டமிடுவதற்குப் பெயர்தான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். தமிழில் நிறுவனக் கட்டமைப்பு என்று சொல்லலாம்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இது பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடவும் வேண்டாம். இந்தப் படம் இல்லாததால் வரும் கஷ்டம் கடைசியில் கவுண்டருக்கு வெளியே நிற்பவர் தலையில்தான் விழுகிறது. அங்கே நிற்பவர்கள் நாம்தான்.

43 பேருக்கு வராத போனஸ்

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை. பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை நிறுவனத்திற்கு எங்கள் அலுவலகம் சாப்ட்வேர் வேலை செய்து கொடுத்தது. அங்கே ஏற்கனவே மூன்று சாப்ட்வேர்கள் இருந்தன. வாசலில் கார்டைக் காட்டினால் வருகையைப் பதிவு செய்வது ஒன்று. யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று கணக்கிட்டு வாரச் சம்பளம் போடுவது இன்னொன்று. பி.எப்., போனஸ் கணக்குகளைப் பார்ப்பது மூன்றாவது. மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், மூன்று பேரிடம் வாங்கியிருந்தார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை சிறியது. வாசல் சாப்ட்வேரிலிருந்து வருகை நாட்களை எடுத்து, போனஸ் சாப்ட்வேரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு டேட்டாபேஸிலும் 'தொழிலாளர் எண்' என்று ஒரு பீல்டு இருந்தது. எண்ணுக்கு எண் பொருத்தி டேட்டாவை மாற்றும் புரோகிராமை 2 நாளில் எழுதி முடித்தேன். பழைய ஆட்கள் 20 பேரை வைத்துச் சோதித்தேன். 20 பேருக்கும் சரியாக வந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் போட்டபோது 43 பேருக்குப் பணம் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்று. யாராவது வேலையை விட்டு நின்றால், அவர் திருப்பிக் கொடுத்த கார்டை அதே எண்ணுடன் புதிதாகச் சேர்பவரிடம் கொடுப்பது வாசலில் வழக்கம். கார்டு மிச்சமாகும் அல்லவா? போனஸ் சாப்ட்வேரில் அப்படி இல்லை. அங்கே ஓர் எண்ணை ஒருவருக்குக் கொடுத்தால், அவர் நின்ற பிறகும் அது அவருடையதுதான். பி.எப். கணக்கு இருப்பதால் அதுதான் முறையும்கூட. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அங்கே வேறு எண் இருந்தது. அவர்கள் வேலைக்கு வந்த நாட்களையெல்லாம் என் புரோகிராம் நின்றுபோனவர்களின் பெயரில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. 'விலகியவர்' என்ற குறிப்பைப் பார்த்து போனஸ் சாப்ட்வேர் பணத்தை நிறுத்திவிட்டது. வாரச் சம்பளம் பீஸ் கணக்கில் போய்க்கொண்டிருந்ததால் அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பணம் வராதவர்களில் என் அம்மா வயதுள்ள ஒரு தையல் தொழிலாளி நேராக என்னிடம் வந்து கேட்டார். "ஏங் கண்ணு, நான் தெனமும் கார்டைக் காட்டிட்டுத்தானே உள்ள வந்தேன்? அந்த மிஷினுக்குத் தெரிஞ்சது இந்த மிஷினுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாசலில் இருந்தவர் கார்டை மிச்சப்படுத்தினார். கணக்குப் பிரிவில் இருந்தவர் விதிப்படி நடந்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 'தொழிலாளர் எண்' என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த 43 பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தபோது தீபாவளி முடிந்து 4 நாட்கள் ஆகியிருந்தன. டேட்டாபேஸைத் திருத்திவிட்டேன். அந்தத் தீபாவளியைத் திருத்த முடியவில்லை.

ஒரு கட்டடம், பல வரைபடங்கள்

இப்படிப்பட்ட குழப்பங்களைப் பற்றி முறையாக யோசித்தவர்களில் முக்கியமானவர் ஜான் சாக்மன். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1987ம் ஆண்டு 'ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வீடு கட்டுபவர்களை நினைத்துப் பாருங்கள் என்பது அவர் காட்டிய வழி. வீட்டுக்காரருக்கு எத்தனை அறை, எந்தப் பக்கம் வாசல் என்று தெரிந்தால் போதும். என்ஜினியருக்கு அளவுகள் வேண்டும். வேலை செய்பவருக்கு எந்த இடத்தில் எவ்வளவு கம்பி என்பது வேண்டும். வீடு ஒன்றுதான். பார்ப்பவருக்கு ஏற்ப வரைபடம் மாறுகிறது. ஆனால் எல்லா வரைபடங்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மாடிப்படி ஒரு படத்தில் இடப்பக்கமும் இன்னொரு படத்தில் வலப்பக்கமும் இருந்தால் என்ன ஆகும்?

அந்தக் கட்டுரையில் அவர் மூன்று கேள்விகளை விளக்கினார். என்ன? எப்படி? எங்கே? 1992ம் ஆண்டு ஜான் சோவா என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் சேர்ந்தன. ஆக மொத்தம் ஆறு கேள்விகள். நம் பின்னலாடை நிறுவனத்திற்கு இவற்றைப் போட்டுப் பாருங்கள். தொழிலாளர் எண் என்பது என்ன, ஆளையா கார்டையா குறிக்கிறது? அதை யார் கொடுக்கிறார்? எப்போது அது செல்லாமல் போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் ஒரே தாளில் இருந்திருந்தால், என் புரோகிராமை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நான்கு அடுக்குகள்

இத்துறையில் பலரும் பின்பற்றும் மற்றொரு முறைக்கு டோகாப் என்று பெயர். தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு வெளியிடும் இதன் முதல் பதிப்பு 1995ல் வந்தது. பத்தாவது பதிப்பு 2022ல் வந்தது. இது நிறுவனத்தை நான்கு அடுக்குகளாகப் பார்க்கச் சொல்கிறது.

முதல் அடுக்கு, வேலை. நிறுவனம் என்ன செய்கிறது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை நடக்கிறது என்பது. ஆள் சேர்ப்பது, தைப்பது, சம்பளம் கொடுப்பது போன்றவை இதில் வரும்.

இரண்டாவது, டேட்டா. அந்த வேலைகளுக்குத் தேவையான தகவல்கள். தொழிலாளர் பெயர், எண், வருகை நாள், பீஸ் கணக்கு.

மூன்றாவது, அப்ளிகேஷன். அந்தத் தகவல்களைக் கையாளும் சாப்ட்வேர்கள்.

நான்காவது, டெக்னாலஜி. சாப்ட்வேர் ஓடுவதற்கான கம்ப்யூட்டர், சர்வர், நெட்வொர்க் ஆகியவை.

மேலிருந்து கீழாக யோசிக்க வேண்டும் என்பது எளிய அறிவு. நடைமுறையில் நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. முதலில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்குகின்றன. பிறகு அதில் போட சாப்ட்வேர் தேடுகிறார்கள். பிறகு அந்த சாப்ட்வேர் கேட்கும் தகவல்களை உட்கார்ந்து டைப் செய்கிறார்கள். நம் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்ற கேள்வி கடைசியில் வருகிறது. அதற்குள் பணம் செலவாகிவிடுகிறது.

எப்.பி.ஐ.யின் கதை

சின்ன நிறுவனம், அதனால் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ., தன் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற 'வெர்ச்சுவல் கேஸ் பைல்' என்ற சாப்ட்வேரை உருவாக்க முனைந்தது. 2001ல் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த தாக்குதலுக்குப் பின், அமைப்பின் ஒரு பிரிவுக்குத் தெரிந்தது மற்றொரு பிரிவுக்குத் தெரிய வேண்டும் என்பது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. ஆனால் என்ன வேண்டும் என்பது திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருந்தது. பொறுப்பில் இருந்தவர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், ஏறக்குறைய 17 கோடி டாலர் செலவான பின், 2005ல் அந்த சாப்ட்வேரைக் கைவிட்டார்கள்.

2004ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும், 2005ல் அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளரும் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தனர். முழுமையான எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் இல்லாமல் வேலையில் இறங்கியது ஒரு முக்கியக் குறை என்று இரண்டும் சுட்டிக்காட்டின. அது ஒன்றே காரணம் இல்லை. ஒப்பந்தத்திலும் நிர்வாகத்திலும் கூடக் குறைகள் இருந்தன. ஆனால் தன்னிடம் என்ன இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்ற படம் இல்லாத அமைப்பு, சாப்ட்வேர் எழுதுபவரிடம் எதைச் சொல்லி வேலை வாங்க முடியும்? இதற்குப் பதிலாக வந்த 'சென்டினல்' என்ற சாப்ட்வேர் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது 2012 ஜூலையில்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க அரசுத் துறைகள் தங்கள் தகவல் தொழில்நுட்பத்திற்கு இப்படி ஒரு கட்டமைப்பை வகுக்க வேண்டும் என்று அந்நாடு 1996லேயே கிளிங்கர்-கோஹன் சட்டத்தில் சொல்லிவிட்டது. சட்டம் போட்டால் மட்டும் படம் வரைந்துவிடாது.

நம் ரயில் டிக்கெட்

ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ரயில்வே தனது கம்ப்யூட்டர் முன்பதிவை 1985ல் புதுடில்லியில் தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் வந்தன. ஐந்தும் தனித்தனித் தீவுகளாக இருந்தன. சென்னை மையத்திற்கு டில்லி மையத்தில் உள்ள காலி இடங்கள் தெரியாது. ஐந்து மையங்களிலும் ஒரே சாப்ட்வேரைப் போட்டு, அவற்றை நெட்வொர்க்கில் இணைத்து முடித்தது 1999 ஏப்ரலில். அதன் பிறகுதான் எந்த ஊர் கவுண்டரிலிருந்தும் எந்த ஊருக்கும் முன்பதிவு செய்யும் வசதி முழுமையாகக் கிடைத்தது. 2002 ஆகஸ்டில் இண்டர்நெட் மூலம் டிக்கெட் எடுக்கும் வசதியும் வந்தது. அடிப்படை ஒன்றாக இருந்ததால்தான் அதன் மேல் அடுத்த மாடி எழுப்ப முடிந்தது.

இதில் இன்னொரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அடுத்த முறை சென்னை சென்ட்ரலுக்கு டிக்கெட் எடுக்கும்போது நிலையக் குறியீட்டைப் பாருங்கள். எம்.ஏ.எஸ். என்று இருக்கும். மெட்ராஸ் என்ற பெயரிலிருந்து வந்தது அது. 1996ல் ஊரின் பெயர் சென்னை ஆயிற்று. 2019ல் அந்த நிலையத்திற்கே எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. பலகை மாறியது, குறியீடு மாறவில்லை. பெயர் எத்தனை முறை மாறினாலும் அடையாளம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பாடம். எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆள் மாறியும் எண் மாறவில்லை.

தடித்த புத்தகம் வேண்டாம்

எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சருக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு குழு போட்டு, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வரைபடங்கள் தயாரித்து, அழகாக பைண்டு செய்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வரைந்து முடிப்பதற்குள் நிறுவனமே மாறிவிடுகிறது. அதன் பிறகு அதை யாரும் திறப்பதில்லை. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நானே அப்படி ஒரு புத்தகத்திற்குப் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அதற்காகப் படமே வேண்டாம் என்பது சரியாகாது. வரைபடம் தப்பாக இருக்கிறது என்று வரைபடமே இல்லாமல் வீடு கட்டுவோமா? சின்னதாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி, மாறும்போதெல்லாம் திருத்துகிற மாதிரி வரைய வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, இந்தப் படத்தை வரையும் பொறுப்பை என்னைப் போன்ற என்ஜினியர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான். எங்களுக்கு மூன்றாவது அடுக்கும் நான்காவது அடுக்கும்தான் நன்றாகத் தெரியும். முதல் அடுக்கு தெரிந்தவர் வாசலில் கார்டு கொடுப்பவர், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர், தையல் மிஷினில் இருப்பவர். கார்டு கைமாறும் விஷயம் அந்த நிறுவனத்தில் தொழிலாளர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் அரசுத் துறைகளுக்காக மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018ல் இண்டியா என்ற பெயரில் ஒரு கட்டமைப்பு முறையை வெளியிட்டது. நல்ல முயற்சிதான். கவுண்டரில் இருப்பவரும் அந்தப் படத்தைப் பார்த்து, "இங்கே தப்பு சார்" என்று சொல்ல முடிந்தால்தான் அதனால் நமக்குப் பலன்.

உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள்

இதை நீங்கள் இன்றே செய்து பார்க்கலாம். சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

1. நீங்கள் கம்ப்யூட்டரில் செய்ய நினைக்கும் வேலைகளை எழுதுங்கள். வரவு செலவு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், போட்டோக்கள், கடை வைத்திருந்தால் பில், கடன் கணக்கு என்று பட்டியல் வரும்.

2. ஒவ்வொரு வேலைக்கும் என்ன தகவல் வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

3. அந்தத் தகவல் இப்போது எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். போனிலா, எக்ஸெல் பைலிலா, பென் டிரைவிலா, பழைய டைரியிலா?

4. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் வட்டமிடுங்கள். அவற்றில் எது மூலம், எது நகல் என்று முடிவு செய்யுங்கள். திருத்துவதாக இருந்தால் எப்போதும் மூலத்தில்தான் திருத்த வேண்டும். நகலை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

5. ஒவ்வொரு மூலத்திற்கும் பொறுப்பு யார் என்று ஒரு பெயர் எழுதுங்கள். பேக்கப் எடுப்பதும் அவர் வேலைதான்.

கடைக்காரர் ஒருவர் இப்படி எழுதிப் பார்த்தால், ஒரே வாடிக்கையாளரின் போன் நம்பர் பில் சாப்ட்வேரில் ஒரு விதமாகவும், கடன் நோட்டில் வேறு விதமாகவும் இருப்பது தெரியவரும். அதைச் சரிசெய்யப் புது கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. புது சாப்ட்வேர் விற்க வருபவரிடம், "என் பழைய டேட்டா இதில் எப்படி வரும்? நாளைக்கு வேண்டாம் என்றால் எப்படி வெளியே எடுப்பது?" என்று கேட்கும் தைரியமும் இந்தத் தாளிலிருந்து கிடைக்கும்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்திற்கு சாப்ட்வேர் எழுத என்னைப் போல் ஓர் இளைஞன் லேப்டாப்புடன் வருவான். அவன் எதுவும் கேட்காமல் கீபோர்டில் கை வைத்தால் நிறுத்துங்கள். "தம்பி, இந்த நம்பர் எங்க ஆபீஸ்ல எதுக்குன்னு மொதல்ல கேட்டுக்கோ" என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். எனக்கு அன்று அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்த 43 வீடுகளுக்கும் தீபாவளி அதே நாளில் வந்திருக்கும்.